தாழ்ப்பாள் யார் பக்கம்?

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சீசன் முடிந்த ஒரு மத்தியானம். வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு அந்தத் தெருவுக்கு ஓர் அசதி வந்துவிடும். துணிக்கடைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாடியில் இரண்டு அறை வைத்து மசாஜ் செய்யும் ஒரு பெண் என்னை வரச் சொல்லியிருந்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள். மனு எழுத வேண்டுமென்றால் டீச்சரிடம் போவது எங்கள் பக்கத்தில் இன்னும் மாறாத வழக்கம்.

தொழில் உரிமத்துக்கு ஒரு விண்ணப்பம், காவல்துறையின் தடையின்மைச் சான்று கேட்டு ஒரு கடிதம். இரண்டும் எழுத வேண்டும். என்னென்ன வேண்டுமென்று யாரோ வாய்மொழியாகச் சொன்னதை அவர் மகளின் பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார். வேலை செய்யும் பெண்களின் போட்டோ, ஆதார் நகல். வருகிறவர்களின் பதிவேடு. கேமரா. அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு இந்த வேலை தெரியுமா, எங்கே கற்றார், யாருக்கு மசாஜ் செய்யக் கூடாது என்று தெரியுமா? இது பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

“தாழ்ப்பாளைக் கழட்டணுமாம் டீச்சர்,” என்றார். “கழட்டிடறேன். அது இல்லாம இருக்கிறதுதான் எனக்கும் நல்லது. வர்ற ஆளு உள்ளே தாழ்ப்பாளைப் போட்டா மாட்டிக்கப்போறது நான்தானே. ஆனா அவங்க அதுக்காகச் சொல்லல. உள்ளே நான் எதுனா பண்ணிடுவேன்னு சொல்றாங்க.”

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த வாக்கியத்தால்தான். கழற்றப்போவது ஒரே தாழ்ப்பாள். அவர் கேட்டால் அது தற்காப்பு, அரசு கேட்டால் அது சந்தேகம். விளைவு ஒன்றே என்னும்போது காரணத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். கவலைப்பட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நாளை அந்த அறைக்குள் ஏதாவது நடந்தால், யாரை முதலில் விசாரிப்பது என்பதை அந்தக் காரணம்தான் தீர்மானிக்கும்.

*

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தமிழ்நாட்டிலுள்ள ஸ்பா, மசாஜ், தெரபி மையங்களில் கண்காணிப்புக் கேமரா இருப்பதை உறுதிசெய்யச் சொல்லி உத்தரவிட்டார். மூடிய, ஒதுக்கமான அறைகளில் நடப்பது சட்டவிரோதச் செயல்கள் குறித்த சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்பது அதன் அடிப்படை. அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வேறு விதமாகச் சொன்னார். திருச்சியில் ஸ்பா நடத்தத் தடையின்மைச் சான்று கேட்ட வழக்கு அது. உள்ளே கேமரா வைப்பது ஒருவர் தன் உடல்மீது கொண்டுள்ள உரிமையை மீறும், ஒழுக்கக்கேடு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே அதற்குப் போதாது என்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் சொன்னதை அவர் துணைக்கு அழைத்துக்கொண்டார். அதே 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக் கூடாது என்ற அங்குள்ள அரசின் வழிகாட்டுதலை நிறுத்திவைத்தது. அந்தத் தடைக்கும் பாலியல் தொழிலைத் தடுப்பதற்கும் நியாயமான தொடர்பு இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை.

கேமரா கூடாது என்ற தீர்ப்புதான் எனக்கு நெருக்கமானது. எண்ணெய் பூசிக் கிடக்கும் ஓர் உடலின் படம் யார் கைக்குப் போகும் என்று யோசித்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் அந்தரங்கம் என்ற சொல்லின்மேல் பெண்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. வீட்டுக்குள் விழுந்த அடிகளையெல்லாம் அந்தச் சொல்லால்தானே மூடிவைத்தார்கள்? மூடிய அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு தனியாக நிற்கும் தொழிலாளிக்கு அந்தரங்கம் மட்டும் போதாது. ஒரு பக்கம் ஒழுக்கம், இன்னொரு பக்கம் அந்தரங்கம். இந்த விவாதத்தில் சந்தேகிக்கப்படுபவளாக அவள் இருக்கிறாள், உரிமை கோரும் வாடிக்கையாளர் இருக்கிறார். வேலை செய்பவளாக அவளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஆங்கிலேய அரசு 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் உடற்பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைக்கப்பட வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பரங்கிமலைப் படைமுகாமிலும் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அவர்களிடம் போன சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் பதிவும் இல்லை, பரிசோதனையும் இல்லை. அவர்களுக்கு நோய் வராமல் காப்பதற்குத்தான் சட்டமே. இங்கிலாந்தில் இதே போன்ற சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அங்கே 1886-இலும் இங்கே 1888-இலும் அவை நீக்கப்பட்டன.

சட்டம் போனது, பார்வை போகவில்லை. 1956-இன் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தில், சோதனையில் பிடித்து வரப்பட்டவரின் வயதையும் காயங்களையும் மட்டுமல்ல, பால்வினை நோய் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரிவு இன்றும் இருக்கிறது. மசாஜ் மையத்தில் சோதனை நடந்த மறுநாள் பேப்பரில் ‘அழகிகள் மீட்பு’ என்று வருகிறதே, அந்த ‘மீட்பு’க்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? அங்கே உண்மையிலேயே கடத்தி வரப்பட்டவள் இருக்கலாம். தானாக அந்தத் தொழிலுக்கு வந்தவள் இருக்கலாம். எண்ணெய் தேய்த்துவிட மட்டுமே வந்தவளும் இருக்கலாம். மூவரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒரே வேனில்தான் ஏறுகிறார்கள்.

*

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போது என் நினைவு வீட்டுக்குள் போகிறது. மாமியாருக்குக் கால் அமுக்கிவிடும் மருமகளிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. புருஷனுக்கு முதுகு பிடித்துவிடுபவளை நல்லவள் என்கிறோம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, மூக்கு நீவி, கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது தாயின் கடமை. தொடுவதும் தேய்ப்பதும் பெண்ணின் இயல்பு என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்ளும்வரை அது அன்பு. இதே வேலைக்கு அவள் ஒரு விலை சொன்னால் அவளுடைய ஒழுக்கம் கேள்விக்குள்ளாகிறது. சந்தேகம் தொடுதலின்மேல் என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ அது அவள் கேட்கும் கூலியின்மேல் என்றே தோன்றுகிறது.

அதிலும் எல்லாப் பெண்களின் கையும் ஒன்றல்ல. இங்கே தொடுவதற்கென்றே ஒரு சாதியை வைத்திருந்தார்கள். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், பெற்றவளின் வயிற்றைக் கட்டினார்கள், பிள்ளையை நீவிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை மருத்துவச்சியின் கைதான். அந்தக் கைக்கு முறத்தில் நெல்லும் பழைய புடவையும் கிடைத்தன. வீட்டின் பின்வாசல் வழியாகத்தான் அவள் வந்து போனாள்.

அவளையும் ஒருநாள் அரசு பதிவேட்டில் ஏற்ற முன்வந்தது. செவிலியர், மகப்பேற்றுச் செவிலியருக்கான 1926-ஆம் ஆண்டின் மதராஸ் சட்டம் ‘தாயி’ என்ற பெயரில் அவளுக்கும் ஓர் இடம் தந்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அதனால் பிழைத்த தாய்மார்கள் ஏராளம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மருத்துவச்சியின் பேத்திகளில் எத்தனை பேர் அந்த வெள்ளைச் சீருடைக்குள் போனார்கள்? படித்த சாதிகளின் பெண்களுக்குத் திறந்த அந்தக் கதவு அவர்களுக்கும் அதே அளவு திறந்ததா? மாமல்லபுரத்துப் பெண் என்னிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னார்: “எங்க ஆயா பிரசவம் பாத்த கை இது டீச்சர்.” அவர் ஆயாவிடமிருந்து கற்றதை எழுத அந்த விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

இதே கைவேலைக்கு வேறு பெயரும் மரியாதையும் உண்டு. சித்த மருத்துவத்தில் இதைத் தொக்கணம் என்பார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, தாம்பரம் சானடோரியத்தில், 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே வர்மமும் தொக்கணமும் பட்டமேற்படிப்பில் பாடம். பரம்பரையாக மட்டும் கற்றவர்கள் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு இல்லாமல் வைத்தியம் செய்ய முடியாது என்று 2018-இல் கேரளப் பாரம்பரிய வைத்தியர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, பட்டம் பெற்றவரின் கை மருத்துவம். அவருக்குக் கீழே வராத கை அழகுநிலையத்தின் கணக்கிலோ காவல் நிலையத்தின் கணக்கிலோ சேர்ந்துவிடுகிறது.

*

அப்படியானால் உரிமமே வேண்டாமா? நோயாளிகளை நினைத்தால் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை மாதம் படுக்கையில் இருந்தார். எழுந்து உட்கார ஆரம்பித்ததும் இடது கெண்டைக்கால் வீங்கியது. பக்கத்து வீட்டில் தைலம் போட்டு நன்றாக உருவிவிடச் சொன்னார்கள். இந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன். அவர் காலைப் பார்த்தார், புறங்கையால் ஒரு கணம் தொட்டார், எழுந்துவிட்டார். “நான் அமுக்க மாட்டேன் டீச்சர். ஒரு கால் மட்டும் வீங்கி இப்படிச் சுடுதுன்னா கை வைக்கக் கூடாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.” ஸ்கேனில் ரத்தக்குழாயில் கட்டி இருந்தது தெரிந்தது. உருவிவிட்டிருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும் என்றார் டாக்டர். அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் கூலி வாங்கவில்லை. வேலை செய்யவில்லையே என்றார்.

அவர் செய்த மிகப் பெரிய வேலை அதுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது. தொடத் தெரிவது பாதிதான், எப்போது தொடக் கூடாது என்று தெரிவதில்தான் அந்தத் தொழில் முழுமையாகிறது. காலை அமுக்க மறுத்தவருக்கு, மசாஜ் மேசையில் படுத்துக்கொண்டு கையைப் பிடித்து இழுக்கும் ஆளை மறுக்கவும் உரிமை வேண்டும். அறிவினால் மறுப்பதும் மானத்தால் மறுப்பதும் ஒரே தொழிலாளியின் ஒரே உரிமைதான். வேலைக்காரிக்கும் தொழிலறிஞருக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று என்னைக் கேட்டால், ‘முடியாது’ என்று சொன்ன பிறகும் பிழைப்பு போகாமல் இருப்பது என்பேன். டாக்டருக்கும் வக்கீலுக்கும் அது உண்டு. அந்த ‘முடியாது’க்குப் பின்னால் நிற்கும் உரிமம் ஒரு மசாஜ் தொழிலாளிக்கு எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. இருப்பது கடைக்கான உரிமம். அது முதலாளியின் பெயரில் சுவரில் தொங்குகிறது. வாடிக்கையாளரை முகம் சுளிக்கவைத்தவளை முதலாளி மாலையே அனுப்பிவிடலாம்.

இதற்கு வேண்டிய சட்டத்தில் ஒரு துண்டு ஏற்கெனவே இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பளிப்பது முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு அறை, மூன்று பெண்கள் கொண்ட மாடிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் எது? நோட்டில் இருந்த பட்டியலில் அந்தக் குழுவின் தொலைபேசி எண் இல்லை.

*

உரிமம் உழைப்பவர் பக்கம் நிற்க முடியுமா என்பதற்குக் கடல் தாண்டியும் போய்ப் பார்க்கலாம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயும் பார்க்கலாம். தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அது மற்றவர்களின் தொழில் உரிமையைப் பறிக்கிறது என்று 2006-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்துசெய்தது. பார்வையற்ற தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், நாடாளுமன்றம் மறுபடி சட்டம் கொண்டுவந்தது, 2008-இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே உரிமம் ஒரு பிழைப்பைக் காக்கும் வேலி. வேலி என்றால் வெளியே நிற்பவர்களும் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களின் பிழைப்பை 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் நிறுத்தின. 1978-இல் தொடங்கிய இந்தச் சங்கம் அதே அறிவை உயிர்காக்கும் தொழிலாக மாற்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அதிலிருந்து வருகிறது. எத்தனை பாம்பு என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். அது தாமதமாகும் ஆண்டுகளில் அடுப்பெரிவது கஷ்டம். குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அரசு, ‘உனக்குத் தெரிந்ததை நீ செய், அதற்கு நான் எல்லை வகுக்கிறேன்’ என்கிறது. சங்கம் தொழிலாளிகளுடையது, பெண்களும் பாம்பு பிடிக்கப் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத ஓர் இருளரின் கையை நம்பி அரசால் அனுமதி தர முடிகிறது. பாம்பைத் தொடும் கைமேல் உள்ள நம்பிக்கையில் கொஞ்சம், மனிதரைத் தொடும் பெண்ணின் கைமேல் இருக்கக் கூடாதா?

*

கடைசியாக என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்று மனுவின் முதல் பத்தியில் நான், ‘இங்கு குடும்பப் பெண்கள் மட்டுமே கண்ணியமாகப் பணிபுரிகிறார்கள்’ என்று எழுதினேன். அதிகாரிகளுக்கு அந்த மொழிதான் புரியும் என்று ஒரு சாமர்த்தியம். படித்துக் காட்டியபோது, மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த இளம்பெண் கை நின்றது. “எனக்குக் குடும்பம்னு யாரும் இல்ல மேடம். நான் வேலைய விட்டுடணுமா?” என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நாங்கள் ‘அந்த மாதிரி’ இல்லை என்று சொல்லி மரியாதை வாங்குவது சுலபம். வாங்கியதற்கான விலையை ‘அந்த மாதிரி’ப் பெண்கள் கொடுப்பார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்யும் வயதுவந்த பெண்ணும் கண்ணியத்துக்கு உரியவள், காவல்துறை அவளைத் துன்புறுத்தக் கூடாது என்றது. அதைக் கைதட்டி வரவேற்றவள்தான் நான். பேனாவை எடுத்ததும் என் கை பழைய கோட்டையே கிழித்தது. நல்ல பெண், கெட்ட பெண் என்று பிரிக்காமல் ஓர் உரிமத்தை நம்மால் எழுத முடியாதென்றால், 1868-இன் பதிவேட்டைத்தான் நாமும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

அந்த வரியை அடித்தேன். புதிதாக ஒரு பக்கம் சேர்த்தோம். மூன்று பெண்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேலை, எத்தனை வருடம், யாரிடம் கற்றார். ஆயாவின் பெயரும் அதில் வந்தது. எந்தெந்த உடல்நிலையில் மசாஜ் செய்ய மாட்டோம் என்று ஒரு பட்டியல். எந்தக் கட்டத்திலும் பணியாளர் வேலையை நிறுத்தலாம், அதற்காகக் கூலி பிடிக்கப்படாது என்று ஒரு வரி. அறைக்கு ஒரு அழைப்பு மணி. கேமரா தெருவாசலில் மட்டும். பிறகு தாழ்ப்பாள்: ‘பணியாளர்களின் பாதுகாப்பு கருதி உள்தாழ்ப்பாளை அகற்றியுள்ளோம்.’

“இப்படி எழுதினா ஒத்துக்குவாங்களா டீச்சர்?” என்றார். தெரியாது என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அவர் ஒவ்வொரு திருகாகக் கழற்ற, அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டாள். மனுவைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. பதில் இன்னும் வரவில்லை. மணி வேலை செய்கிறது.